ஆடுகளம் இழந்த இளந்தலைமுறை!

ஓர் இனத்தின் நாளைய வலிமை, அதன் பிள்ளைகளின் இன்றைய கைகால்களில் இருக்கின்றது. கற்ற மூளையும் பண்பட்ட நெஞ்சும் குடியிருக்க வேண்டிய இல்லம் உடல். அவ்வில்லத்திற்குக் கடைக்கால் இடப்பெறுவது ஐந்து அகவைக்கும் பதினேழு அகவைக்கும் இடைப்பட்ட காலத்தில். அக்காலத்தை நம் பிள்ளைகள் எவ்வாறு கழிக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பார் நம்முள் எத்துணைப் பேர்? மதிப்பெண்ணுக்குக் கணக்கு உண்டு. கட்டணத்துக்குக் கணக்கு உண்டு. ஒரு நாளில் பிள்ளை எத்தனை மணித்துளி ஓடிற்று, எத்தனை மணித்துளி குதித்தது என்பதற்கு மட்டும் எந்த வீட்டிலும் எந்தப் பள்ளியிலும் கணக்கில்லை.

மதுரை மாநகரின் ஒரு பள்ளி நாளை எடுத்துக் கொள்ளுங்கள். காலையில் தானியிலோ சிற்றுந்திலோ அடைபட்டுப் பிள்ளை பள்ளி சேர்கின்றது. அங்கு ஆறேழு மணி நேரம் பலகையில் இருக்கை. மாலையில் மீண்டும் ஊர்தி, அதன்பின் தனிப்பயிற்சி வகுப்பு, அங்கும் இருக்கை. வீடு திரும்பியதும் வீட்டுப்பாடம், அது முடிந்ததும் கைப்பேசித் திரை, பின்னர் உறக்கம். நகர்ப்புறம்தான் இவ்வாறு என்று எண்ண வேண்டா. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் மஞ்சள் நிறப் பள்ளி ஊர்தி நுழையாத தெரு இன்று அரிது. வரப்பிலும் வண்டிப்பாதையிலும் நடந்து பள்ளி சென்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள், வீட்டு வாயிலில் ஏறிப் பள்ளி வாயிலில் இறங்குகின்றனர்.

இதைக் கண்டு, 'இக்காலப் பிள்ளைகள் சோம்பேறிகள்' என்று பெரியோர் பழி கூறுவதைப் பரக்கக் கேட்கின்றோம். அப்பழி அடாதது. எந்தக் குழந்தையும் அமர்ந்திருக்க விரும்பிப் பிறப்பதில்லை. நடை பயின்ற நாள் முதல் அது ஓடத்தான் துடிக்கின்றது. அதனை உட்கார வைத்தவர் பெரியோர். அதன் திடலை எடுத்துக் கொண்டவரும், தெருவை எடுத்துக் கொண்டவரும், மாலைப் பொழுதை எடுத்துக் கொண்டவரும், ஈற்றில் அழாதிருக்கும்பொருட்டுக் கையில் ஒளித்திரையைக் கொடுத்தவரும் பெரியோரே. குற்றத்தைச் செய்தார் ஒருவர். பழியைச் சுமப்பார் வேறொருவர் என்னும் இம்முறைகேட்டை முதலில் களைதல் வேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. அதன்படி, ஐந்து முதல் பதினேழு அகவைக்குட்பட்டோர் நாளொன்றுக்கு நிரவலாக 60 மணித்துளியேனும் மூச்சு வாங்க இயங்குதல் வேண்டும். கிழமையில் மூன்று நாளேனும் எலும்புக்கும் தசைக்கும் உரமேற்றும் கடுமையான ஓட்டமும் குதிப்பும் வேண்டும். பொழுதுபோக்குக்காகத் திரைமுன் அமரும் நேரத்தைக் குறைத்தல் வேண்டும். இவ்வளவையை எட்டுவார் எத்தனை பேர்? அந்நிறுவனத்தின் ஆய்வர்கள் 146 நாடுகளில், 11 முதல் 17 அகவை வரையுள்ள பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 16 இலக்கம் பேரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 2019-இல் முடிவை வெளியிட்டனர். 2016-ஆம் ஆண்டு நிலைப்படி, உலகில் நூற்றுக்கு 81 பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர். ஆண்பிள்ளைகளில் 78 பேர். பெண்பிள்ளைகளில் 85 பேர். இந்தியாவில் இவ்வெண் ஏறத்தாழ 74. உலக நிலையை நோக்க நம் நிலை சற்று மேல் என்று மகிழ்வார் மகிழலாம். நான்கு பிள்ளைகளில் மூவர் வேண்டிய அளவு இயங்கவில்லை என்பது மகிழத்தக்க கணக்கன்று.

தமிழ்நாட்டார்க்கு இக்கணக்கு இன்னும் கடுமையான பொருள் உடையது. இந்திய நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான நீரிழிவு ஆய்வில், தமிழ்நாட்டில் வளர்ந்தோருள் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர்; மேலும் 10.2 விழுக்காட்டினர் அந்நோயின் வாயிலில் நிற்போர் என்று கண்டனர். கூட்டிப் பார்த்தால் நால்வரில் ஒருவர்! நோய் வெளிப்படுவது நாற்பதில் எனினும், அதற்கு நிலம் பண்படுவது பத்தில். 2016 முதல் 2018 வரை இந்திய அரசு நடத்திய ஊட்டக் கணக்கெடுப்பில், பத்து முதல் பத்தொன்பது அகவையினருள் பத்தில் ஒருவர்க்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை காணப்பெற்றது. இயங்கும் தசையே குருதியில் உள்ள சருக்கரையை வாங்கி எரிக்கும் அடுப்பு. அவ்வடுப்பை நாள் முழுதும் அணைத்து வைத்துவிட்டு, கடைத்தின்பண்டத்தை மட்டும் ஊட்டினால், எரியாத சருக்கரை எங்குச் செல்லும்? அன்றியும், வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய எலும்பு வன்மையின் பெரும்பகுதி வளரும் பருவத்திலேயே சேர்ந்துவிடுகின்றது. அப்பருவத்தில் குதிக்காத கால், முதுமையில் எளிதில் முறியும் கால்.

கண்ணின் நிலையும் எண்ணத்தக்கது. 1976-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை நீக்குவதில் உலகு வியக்கும் பணி செய்துள்ளது. ஏழை முதியோர்க்குப் பார்வை மீட்டுத் தந்த அதே நகரில், பத்து அகவைப் பிள்ளைகள் கண்ணாடிக் கடைகளில் நிற்கின்றனர். கிட்டப்பார்வைக்குப் பிறப்புவழிக் கூறும் உண்டு. எனினும் வெயிலொளி படாமல் அறைக்குள் அருகுநோக்கிக் கிடப்பதும் அதனை வளர்க்கின்றது. சீன நாட்டுக் குவாங்சோ நகரில், தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் நாள்தோறும் 40 மணித்துளி வெளிப்புற வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்து மூன்றாண்டுகள் நோக்கினர். அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை உற்றோர் 30.4 விழுக்காடு, சேர்க்காத பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015-இல் வெளியான இம்முடிவு கூறுவது என்ன? பகலொளி இறங்கும் ஆடுகளமே பிள்ளைக் கண்ணுக்கு முதல் மருந்து என்பதுதான். தைவான் நாடு 2010 முதலே பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் செய்ய முற்பட்டது. கதிரவன் குறைவின்றிக் காயும் பாண்டி நாட்டில், அவ்வொளியை மறைத்துப் பிள்ளைகளைச் சுவருக்குள் வைக்கின்றோம்!

ஆடுகளம் எங்குப் போயிற்று என்று இனிக் காண்போம். மதுரைப் பிள்ளைகட்கு வையை மணல் ஒரு காலத்தில் பெருந்திடல். கோடையில் வற்றிய கண்மாய்கள் அனைத்தும் சிற்றூர்ப் பிள்ளைகட்கு ஆடுகளம். அம்மணல் அள்ளப்பட்டது, கண்மாய்கள் பல தூர்க்கப்பெற்றுக் கட்டடங்களாயின, எஞ்சியவற்றுள் கழிவுநீரும் முள்மரமும் நிற்கின்றன. வண்டியூர்த் தெப்பக்குளம் நெடுங்காலம் நீரின்றிக் கிடந்தபோது, இளைஞர் மட்டைப்பந்து ஆடும் களமாயிற்று. அண்மை ஆண்டுகளில் வாய்க்கால் திருத்தப்பெற்று வையைநீர் வந்து குளம் நிறைகின்றது. நீர்நிலையில் நீர் நிற்பதே முறை; அதனை வரவேற்கின்றோம். ஆயின், நீர் வந்த அன்று கரையேறிய பிள்ளைகட்கு மாற்றுத் திடல் எது என்று கேட்டவர் எவர்? தமுக்கம் திடலில் மாநகராட்சி மாநாட்டுக் கூடம் எழுப்பியுள்ளது. கூடம் நகர்க்கு வேண்டும்தான். திடலும் நகர்க்கு வேண்டும் என்று உரைக்கப் பிள்ளைகளுக்கு வாக்குச்சீட்டு இல்லை.

திடல் போனபின் தெரு இருந்தது. அத்தெருவையும் ஊர்திகள் எடுத்துக் கொண்டன. மாசி வீதிகளுக்கும் வெளிவீதிகளுக்கும் இடைப்பட்ட சந்துகளில் இருபுறமும் இருசக்கர ஊர்திகள் நிற்க, நடுவில் தானிகள் ஓடப் பம்பரம் விடுவது எங்கே? பள்ளிக்கூடமாவது இடம் தருமா எனில், வாடகைக் கட்டடத்தின் மாடியில் நடக்கும் தனியார் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றில் திடல் என்பது பெயர்ப்பலகையில் மட்டுமே உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பட்டி, பள்ளிக்கு விளையாட்டுத் திடலும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. சட்டம் ஏட்டில் கிடக்கின்றது. பிள்ளை மாடிப்படியில் கிடக்கின்றது.

பொழுதின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. உடற்கல்விக்குக் கிழமையில் ஓரிரு பாடவேளைகள். ஒரு பாடவேளை 40 மணித்துளி எனக் கொண்டால் இரண்டுக்கும் சேர்த்து 80 மணித்துளி. பிள்ளைக்குக் கிழமையொன்றுக்கு வேண்டுவதோ 420. ஐந்தில் ஒரு பங்கையும் எட்டாத இந்த 80 மணித்துளியையும், பொதுத்தேர்வு நெருங்கியவுடன் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கிக் கொள்கின்றன. அக்கடன் ஒருநாளும் திருப்பித் தரப்பெறுவதில்லை. உடற்கல்வி ஆசிரியர் நிலையும் அதற்கேற்பவே உள்ளது. 2012-இல் தமிழ்நாட்டரசு உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்கெனப் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேரை அமர்த்தியது. கிழமைக்கு மூன்று அரைநாள் பணி, சிறு தொகுப்பூதியம். பணிநிலைப்பு வேண்டி அவர்கள் பன்முறை தெருவில் நின்று போராடியது நாடறிந்த செய்தி. பிள்ளைகளின் உடலைப் பேணும் பணியை அரைநாள் பணியாகக் கருதும் நாட்டில், பிள்ளைகளின் உடல் அரைகுறையாக வளர்வதில் வியப்பென்ன?

இவ்வாறு வெறுமையாக்கப்பெற்ற பொழுதினுள் திரை புகுந்தது. 2006-இல் வீடுதோறும் விலையில்லாத் தொலைக்காட்சி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அதன்பின் கைப்பேசி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகட்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் பள்ளி மீண்டும் திறந்தது. ஏறத்தாழ இருபது திங்கள்! அதுவரை 'கைப்பேசியைத் தொடாதே' என்று கடிந்த பெற்றோரே, பாடம் கேட்கக் கைப்பேசி வாங்கித் தர வேண்டியதாயிற்று. பள்ளி திறந்தபின் பாடம் வகுப்பறைக்குத் திரும்பிற்று. கைப்பேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது.

'ஆடினால் படிப்புக் கெடும்' என்பார்க்கு ஒரு விடை கூற வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏழு முதல் ஒன்பது அகவை வரையுள்ள 221 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2014-இல் வெளியிட்டனர். பள்ளி முடிந்தபின் ஒன்பது திங்கள் ஓடியாடி விளையாடிய பிள்ளைகள், கருத்தை ஒருமுகப்படுத்துவதிலும் மனத்தை வேண்டியவாறு திருப்புவதிலும் ஏனையோரை விஞ்சி நின்றனர். கல்விக்குப் பெயர்பெற்ற பின்லாந்து நாட்டில் 45 மணித்துளிப் பாடத்துக்குப்பின் 15 மணித்துளி வெளியில் ஆட விடுவது வழக்கம். இங்கோ, 2018-இல் சென்னை உயர்நெறிமன்றம் தலையிட்டு, முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகட்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று ஆணையிட வேண்டியிருந்தது. ஆறு அகவைப் பிள்ளைக்கு மாலை விளையாட்டைப் பெற்றுத்தர மன்றம் ஏற வேண்டிய நிலை, கல்வி கற்ற குமுகாயத்திற்கு அழகா?

'விளையாட்டுத்துறை முன்னெப்போதினும் வளர்ந்துள்ளதே' என்பாரும் உளர். உண்மை. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஏறுதழுவலுக்கென ஒரு பேரரங்கம் 2024-இல் திறக்கப்பெற்றது. 2025-இல் இளையோர் வளைகோற்பந்து உலகக் கோப்பைப் போட்டிகள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. இவை நம் நகர்க்குப் பெருமையே. ஆயினும் அரங்கம் என்பது சிலர் ஆடப் பலர் அமர்ந்து பார்க்கும் இடம். பார்க்கும் ஆயிரவரின் பிள்ளைகட்கு ஆடும் இடம் தனியே வேண்டும். தெருவில் ஆடுவோர் பெருகினால்தான் அரங்கில் ஆடத்தக்கார் தோன்றுவர். அடிமரத்தை வெட்டிவிட்டு நுனிக்கொம்பில் பூத்தேடுவது அறிவுடைமையன்று.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே கூறாது விடல் தகாது. உலகக் கணக்கில் 2001-க்கும் 2016-க்கும் இடையே ஆண்பிள்ளைகளின் குறைபாடு 80-இலிருந்து 78-ஆகச் சற்றுத் தணிந்தது. பெண்பிள்ளைகளின் நிலை 85-இல் அசையாது நின்றது. இங்குக் கரணியம் வெளிப்படை. பன்னிரண்டு பதின்மூன்று அகவையில் பெண் பூப்பெய்தியதும், 'இனி உனக்கென்ன ஓட்டம்?' என்னும் ஒரு சொல்லால் அவள் கால்கள் கட்டப்பெறுகின்றன. அண்ணன் திடலுக்குப் போகின்றான். தங்கை பாத்திரம் துலக்குகின்றாள். பந்தும் கழங்கும் ஊசலும் மகளிர் ஆட்டங்களாகப் பாடப்பெற்ற கழக இலக்கியத்துக்கு உரியவர் நாம். அவ்விலக்கியத்தை மேடையில் போற்றி, வீட்டில் மகளை அடைத்து வைப்பார் தமிழ்மரபை அறிந்தவராகார்.

பிள்ளைமையை உடலின் இயக்கத்தால் அளந்த மொழி தமிழ். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை நோக்குங்கள். தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, ஆண்பாற்குச் சிறுபறை முழக்கலும் சிற்றில் சிதைத்தலும் சிறுதேர் உருட்டலும், பெண்பாற்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் எனக் குழந்தையின் வளர்ச்சியைக் கைகால்களின் வளர்ச்சியாகவே பகுத்தனர். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடியதும் இம்முறையில்தான். இறைவியையும் ஆடும் குழந்தையாகக் கண்ட நகரில், ஆடும் குழந்தையைக் காண்பது இன்று அருகி வருகின்றது. மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியில் அகழ்ந்தெடுத்த பொருள்களுள், நூற்றுக்கணக்கான சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடையும் உள்ளதைத் தொல்லியல் துறையின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை காட்டிற்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மண்ணில் விளையாட்டுப் பொருள் கிடைக்கின்றது. இன்றைய தெரு மண்ணில் கிடைக்கவில்லை!

மொழிஞாயிறு பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலில், ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன எனப் பகுத்து ஆடுமுறைகளை எழுதி வைத்தார். சொல்லாராய்ச்சிப் பேரறிஞர் சிறுவர் விளையாட்டை ஏன் ஆராய்ந்தார்? ஆட்டம் போனால் அதனோடு ஒட்டிய சொற்களும் போய்விடும் என்பதை அவர் அறிவார். 1981-இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியபின், அப்பெருமகனார் இந்நகரிலேயே மறைந்தார். அவர் காத்துவைத்த ஆட்டங்கள் இன்றைய அறிவியல் கேட்பவற்றையே தருகின்றன. பாண்டியில் ஒற்றைக்காலால் தத்துவதும் பச்சைக்குதிரையில் தாவுவதும் எலும்புக்கு உரம். சடுகுடுவில் மூச்சடக்கிப் பாடி ஓடுவது மூச்சுப்பைக்குப் பயிற்சி. கிளித்தட்டில் மறித்துத் திரும்புவது உடல் வளைவுக்குப் பயிற்சி. இவற்றுக்கு வேண்டுவன ஒரு கரித்துண்டும் ஓர் ஓட்டுச்சில்லும் கொஞ்சம் நிலமும்தாம். அயல்நாட்டுக் கருவியும் வேண்டா, கட்டணமும் வேண்டா.

முற்காலமெல்லாம் பொற்காலம் என்று யாம் கூற வரவில்லை. அன்றைய பிள்ளைகள் நடந்தது பேருந்து இன்மையாலும் காசு இன்மையாலுமே. மாடு மேய்த்தும் பூப்பறித்தும் வயலில் குனிந்தும் பள்ளி காணாமல் தேய்ந்த பிள்ளைகள் பலர். அவ்வுழைப்பு விளையாட்டன்று. மீண்டும் அந்நிலை வேண்டுவார் எவருமிலர். பள்ளியும் வேண்டும், வயிற்றுக்கு உணவும் வேண்டும், அவற்றோடு ஆட்டமும் வேண்டும். 2022 செப்தம்பர் 15-இல் தமிழ்நாட்டரசின் காலைச் சிற்றுண்டித் திட்டம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. பிள்ளைகளின் வயிற்றைத் தன் பொறுப்பாக ஏற்ற அரசு, அவர்தம் கால்களையும் தன் பொறுப்பாக ஏற்றல் வேண்டும்.

ஆகவே யாம் வலியுறுத்துவன இவை:

முதலாவது, ஒவ்வொரு பள்ளியும் நாள்தோறும் எல்லாப் பிள்ளைகளையும் 15 மணித்துளியேனும் வெளியில் ஓட விடுதல் வேண்டும். இசுக்காட்டுலாந்தின் சிடர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி 2012-இல் இதனைத் தனி உடையோ கருவியோ இன்றித் தொடங்கிற்று; இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. நம் வெயிலுக்கேற்பக் காலை முதல் வேளையில் இதனை வைத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்தல் கூடாது. படிக்காத பிள்ளைக்கு விளையாட்டை மறுத்து ஒறுக்கும் பழக்கமும் ஒழிதல் வேண்டும்.

மூன்றாவது, தொடக்கப் பள்ளிகளுக்கும் முழுநேர உடற்கல்வி ஆசிரியரை அரசு அமர்த்துதல் வேண்டும். திடலில்லாப் பள்ளிக்கு ஏற்பளித்தலை நிறுத்துதல் வேண்டும். அரசு, மாநகராட்சிப் பள்ளித் திடல்களை மாலையிலும் விடுமுறை நாளிலும் அப்பகுதிப் பிள்ளைகள் அனைவர்க்கும் திறந்துவிடுதல் வேண்டும்.

நான்காவது, பெற்றோர் மாலை ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்கே விட்டுவிடுதல் வேண்டும். அந்நேரத்தில் தனிப்பயிற்சியும் இல்லை, திரையும் இல்லை, மகனுக்கும் மகளுக்கும் வேற்றுமையும் இல்லை.

அன்பார்ந்த தமிழ் உணர்வாளர்களே! அரசு செய்யும்வரை காத்திருத்தல் நமக்கு வேண்டா. நம் அமைப்பினர் இருக்கும் ஒவ்வோர் ஊரிலும், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தெருப்பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஆண் பெண் என்றும், மேல் கீழ் என்றும், அத்தெரு இத்தெரு என்றும் பாராமல் ஒரே கோட்டுக்குள் நிறுத்துங்கள். சாதி வேலியை உடைக்கச் சடுகுடுக் களத்தைப் போல் ஒரு கருவி இல்லை. பிடிக்கப் போகும் கை, பிடிபடும் காலின் குலத்தைக் கேட்பதில்லை. ஆட்டங்களின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள்; விதிகளை மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மேடையில் நூறு முறை முழங்கியும் நிலைபெறாத தமிழ்ச்சொல், ஒரு முறை விளையாடினால் பிள்ளையின் நாவில் வாழ்நாள் முழுதும் நிற்கும்.

நோயுற்ற உடலோடு உரிமை கேட்க எழும் இனம் நெடுந்தொலைவு நடக்காது. நம் பிள்ளைகள் நாளை நிமிர்ந்து நிற்க வேண்டுமெனில், இன்று மாலை அவர்களை ஓட விடுங்கள்!